நாற்பதாம் நாள் ஒப்பந்தம்

போன மாதம் பொட்டிபுரத்தில் நண்பர் ஒருவரின் சோளக்காட்டுக்குப் போயிருந்தேன். கிளிகளை விரட்ட வரப்போரமாகக் கயிறு கட்டி, பழைய சிடிக்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் அவை சுழன்று சுழன்று கண்ணைக் கூச வைத்தன. சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். பச்சை எழுத்து பாதி உரிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. 'நாற்பதாம் நாள்: மார்க்கமா? மடமையா? பாகம் 3.'

அட, நம்ம சரக்கு! அந்த சிடிக்குள் மேசைக்கு இடப்பக்கம், தாடி சரியாக முளைக்காத முகத்தோடும் மடி நிறையப் புத்தகத்தோடும், உலகத்தைத் திருத்தாமல் வீடு திரும்புவதில்லை என்று உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

"எங்கண்ணே கெடச்சுச்சு இது?" என்றேன்.

"பழைய இரும்புக் கடையில மொத்தமா அள்ளிப் போட்டான். ஏன், நல்ல படமா?"

"படம் இல்லண்ணே. ஆனா நடிப்பு உண்டு. கிளி பயப்படுதா?"

"ரெண்டு நாளு பயந்துச்சுக. இப்ப அது மேலயே வந்து உக்காருதுக."

கிளிகளுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்திருக்கிறது. எங்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. போகட்டும்.

சிடியைக் கையில் பிடித்ததும் எனக்கு வந்தது பச்சை ஏலக்காய் வாசம். அதற்குக் காரணம் அத்தாவின் ஜீப்பு. எங்கள் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா போடியில் ஜீப்பு ஓட்டினார். விடிகிற நேரத்தில் சிலமலையில் போய் நின்று, ஏலத் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி மலைக்கு மேலே இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். காய் பறித்த கறை படிந்த கையால் அவர்கள் பிடித்துப் பிடித்து, அந்த ஜீப்பின் கம்பி, சீட்டு, தார்ப்பாய் எல்லாவற்றிலும் அந்த வாசம் ஊறிக் கிடந்தது. அத்தா சட்டையிலும் அதேதான். பள்ளிவாசலில் அத்தர் பூசியவர்களுக்கு நடுவில் அவர் பக்கத்தில் நின்று தொழ எனக்கு வெட்கமாக இருக்கும். எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியோடு சாய்ந்தார். தூக்கி உட்கார வைப்பதற்குள் முடிந்துவிட்டது. சேதி தெரிந்து சிலமலைப் பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே போய், "ஒப்பாரி வைக்கிறது எங்க மார்க்கத்துல ஹராம். அமைதியா இருங்க" என்று சொன்னேன். அத்தாவின் மய்யித்து உள்ளே கிடக்கிறது, மகன் வாசலில் சட்டம் பேசுகிறான். அன்றைக்கு என்னை யாராவது ஓர் அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துக்க வீட்டில் யார் அறைவார்கள்?

என் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். போடியில் அதுவரை யாராவது மவுத்தானால், அதாவது இறந்துபோனால், நாற்பதாம் நாள் பள்ளிவாசல் ஹஜரத் வந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார், இறந்தவருக்காக துஆ கேட்பார், வந்தவர்களுக்கு நெய்ச்சோறு போடுவார்கள். யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை. அப்புறம் நாங்கள் வந்தோம். அரபியில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பும், பேச்சு சிடிக்களும், கடன் வாங்கிய கோபமும்தான் மூலதனம். மனிதனுக்கு அவன் பாடுபட்டது தவிர வேறு எதுவும் இல்லை என்று குர்ஆனில் ஓர் ஆயத்து, அதாவது வசனம், இருக்கிறது. ஆகவே இருப்பவன் ஓதுவது செத்தவனுக்குப் போய்ச் சேராது என்பது எங்கள் கட்சி. முன்னால் ஈமான் என்கிற நம்பிக்கையோடு போய்விட்ட சகோதரர்களை மன்னிக்கும்படி பின்னால் வந்தவர்கள் இறைவனிடம் கேட்பதாக இன்னோர் ஆயத்து இருக்கிறது. ஆகவே போய்ச் சேரும் என்பது எதிர்க் கட்சி. எங்கள் அண்ணன் எதிர்க் கட்சி. அவனுக்கும் அரபி தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆயத்துகளைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவை பாட்டுக்கு இருந்தன. மார்க்கம் படித்த பெரிய பெரிய ஆலிம்கள் நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைப் பற்றி ஒருவருக்கொருவர் மரியாதையாக எழுதி, கடைசியில் அல்லாஹ்வே அறிந்தவன் என்று முடித்திருக்கிறார்களாம். அந்தக் கடைசி வரியை இரண்டு தரப்பிலும் ஒருத்தன்கூடப் படிக்கவில்லை.

அம்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது அது. வெள்ளைச் சேலையோடு உள் அறையில் உட்கார்ந்திருந்தாள். இதற்கும் ஓர் ஆயத்து உண்டு. அதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே விளக்கம். அப்படி ஓர் ஒற்றுமையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொம்பளைங்க அன்னைக்கு வகுத்துக்கு ஒண்ணும் இல்லாமத்தாண்டா அழுதுட்டுப் போச்சுக. நாப்பதுக்கு யாசீன் ஓதி, அவங்களுக்கு நெய்ச்சோறு போடணும். வரச் சொல்லிட்டேன்."

நான் முறுக்கிக்கொண்டேன். "சோறு போடலாம்மா. தர்மம் அத்தாவுக்குப் போய்ச் சேரும். ஆனா நாப்பதுன்னு நாள் குறிக்கக் கூடாது. முப்பத்தொம்பதுல போடு, நாப்பத்தொண்ணுல போடு."

"நாப்பதுலதான் போடணும். ஹஜரத் ஓதித்தான் போடணும். ஓதாத சோறு இந்த வீட்டுல எறங்காது" என்று அண்ணன் எகிறினான்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்டா, சோத்துக்கு நாளு தெரியுமாடா?" என்றாள். அவள் எந்தக் கட்சிப் புத்தகமும் படிக்காதவள் என்பதால் நாங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அண்ணன் ஏற்பாடு செய்திருந்த பண்டாரி, அதாவது எங்கள் விசேஷங்களுக்குச் சமைக்கிறவர், தேக்சாப் பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய், "சோலி இல்ல பாய், நாள் மாறிப்போச்சு" என்று திருப்பி இறக்க வைத்தேன். பொய்தான். மார்க்கத்துக்காகச் சொல்கிற பொய்க்கு நாங்கள் தனிக் கணக்கு வைத்திருந்தோம்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும், மானமுள்ள மகன் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? வேறு ஒரு பண்டாரியைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது தானே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். அவன் தன் கட்சி ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆட்களிடம் வந்தான். "தைரியம் இருந்தா மேடைக்கு வாங்கடா. விவாதம் வச்சுக்கிருவோம்!"

எங்களுக்குக் கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? விவாதம் என்றால் முதலில் ஒப்பந்தம் போட வேண்டும். அது அந்தக் காலத்து வழக்கம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற நீள மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். தலைப்பை எழுதவே இரண்டு மணி நேரம் ஆனது. 'கூடும்' என்று முதலில் எழுதுவதா, 'கூடாது' என்று எழுதுவதா? எந்த மொழிபெயர்ப்பு? எத்தனை கேமரா? எதிர்த் தரப்பு பேசும்போது சிரிக்கக் கூடாது என்று ஒரு சரத்து வைத்தோம். புன்னகை செய்யலாமா என்பதில் தகராறு வந்து அரை மணி நேரம் போனது. பதினேழு சரத்து. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து. அண்ணன் அவர்கள் பக்கம் முதல் சாட்சி, நான் எங்கள் பக்கம் முதல் சாட்சி. அத்தாவின் நல்லடக்கத்தில்கூட நாங்கள் இவ்வளவு பக்கத்தில் உட்காரவில்லை.

மதியம் மண்டபக்காரர் இரண்டு தரப்புக்கும் பிரியாணி வாங்கி வைத்தார். அதை யாரும் எந்த ஆயத்தைக் கொண்டும் ஆராயவில்லை. ஆளுக்கு இரண்டு தட்டு உள்ளே போனது.

நாங்கள் மீதிச் சரத்துகளை எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சிலமலைப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, நாலு மணி வாக்கில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். வீட்டில் அடுப்பே எரியவில்லை. அம்மா அவர்களை உட்கார வைத்து, "எம் மகனுங்க கிதாபு பாக்கப் போயிருக்காங்க. வெரசா வந்துருவாங்க, இருங்க" என்று சொல்லியிருக்கிறாள். மார்க்கப் புத்தகம் பார்க்கப் போனோமாம், எங்களை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாள். இருந்த பாலில் காப்பி போட்டிருக்கிறாள். பாதிப் பேருக்குத்தான் வந்தது. மற்றவர்களுக்கு வரக்காப்பி. இரண்டு மணி நேரம் காத்திருந்து, சிலமலை பஸ்சுக்கு நேரமானதும் எழுந்திருக்கிறார்கள். அம்மா வாசற்படி வரைக்கும் வந்து நின்றாள். அதற்கு மேல் வர அவளுக்கு அனுமதி இல்லை.

தெரு முக்கில் அவர்கள் எதிரே வந்தார்கள், நான் சட்டைப் பையில் ஒப்பந்தத்தோடு போனேன். அவர்களில் மூத்தவர் பேச்சியக்கா. ஜீப்பில் எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து வருபவர்.

"என்னப்பு, அத்தாவுக்கு ஓதியாச்சா?" என்று கேட்டார்.

பசித்துப் போகிற மனுஷியிடம் ஒரு மன்னிப்பு கேட்கத் தோன்றியதா எனக்கு? அறிவை இறக்கி வைத்தேன். "ஓதுறதெல்லாம் சேராதுக்கா. மனுசனுக்கு அவன் செஞ்சதுதான் மிச்சம்னு குர்ஆன்லயே இருக்கு."

பேச்சியக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "சரியாத்தான இருக்கு. எம் மக பிரசவத்துக்குத் துடிச்சப்ப, பெய்யிற மழையில மேட்டுல இருந்து ஒத்தையா எறக்கிக் கொண்டாந்து சேத்தாரு ராவுத்தரு. அவரு செஞ்சதுக்குத்தானப்பு நாங்க வந்தோம்" என்று சொல்லிவிட்டு, பஸ்சைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

எனக்கு அது உறைக்கவில்லை. விவாதத்தில் அதை எப்படித் தூக்கிப் போடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை.

விவாதம் அடுத்த மாதம் நடந்தது. ஆறு சிடி. யாரும் யாருக்கும் எதையும் புரிய வைக்கவில்லை. இரண்டு கட்சியும் வெற்றி விழா கொண்டாடின. அப்புறம் எங்கள் கட்சி இரண்டாக உடைந்து, அந்த இரண்டும் நாலானது. ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் வழிகேடு என்றது. எந்தத் துண்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய், ஒருநாள் நான் வெளியே வந்துவிட்டேன். ஞானம் வந்து விலகினேன் என்று எண்ண வேண்டாம், அலுத்துப் போய்த்தான். அண்ணனின் கட்சி தர்கா விழா நடத்துகிற கந்தூரிக் கமிட்டியின் தலைவர் பதவிக்காக அடித்துக்கொண்டு ஓய்ந்தது. வயது ஏற ஏற நானும் அவனும் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். ஜீப்பை விற்றோம். அம்மா அதற்குப் பிறகும் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் மாறி மாறி இருந்தாள், பேரப் பிள்ளைகளைப் பார்த்தாள், சிரித்தாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"எனக்கு யாசீனும் ஓத வேணாம், ஒண்ணும் ஓத வேணாம். நாப்பது, கீப்பதுன்னு யாரையும் வரச் சொல்லிறாதீங்கடா. வந்தவங்களை வெறும் வகுத்தோட அனுப்புறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

அண்ணன் விசும்பிவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பு கூசியது. ஆறு சிடி பேசியும் என்னால் அண்ணன் வாயிலிருந்து வாங்க முடியாத தீர்ப்பு அது. எங்கள் கட்சிக்குக் கிடைத்த ஒரே வெற்றி.

அம்மா போன நாற்பதாம் நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். யாரையும் கூப்பிடவில்லை, யாரும் வரவில்லை. கூப்பிட வேண்டுமென்றாலும் எங்கே போவது? பேச்சியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், மற்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ. மலைக்கு இப்போது காய் பறிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் அத்தாவையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது. 

"ஏன்டா, மெதுவா, நம்ம ரெண்டு பேரு மட்டும், அம்மாவுக்கு எதாச்சும் ஓதுவமா?" என்றான் அண்ணன்.

எனக்கு யாசீன் முழுக்க மனப்பாடம். சிறு வயதில் அம்மா மடியில் உட்கார்த்தி ஓதக் கொடுத்தது அது.

"அம்மாதான் வேணாம்னுருச்சேண்ணே" என்றேன்.