கிடை போட்ட கொல்லை

உணவுச் சங்கிலிப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். ஆண்டுதோறும் எரிச்சலோடுதான் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் புல் என்று எழுதி ஓர் அம்புக்குறி போட வேண்டும். ஆடு என்று எழுதி இன்னோர் அம்புக்குறி. கடைசியில் புலி. எங்கள் பள்ளிக்கூடத்தில் புலியைப் பார்த்த பிள்ளை ஒன்றும் கிடையாது. ஆட்டைத் தின்கிற மனிதனைத்தான் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அவனைப் பாடப்புத்தகம் போட்டவர்கள் சங்கிலியில் சேர்க்காமல், கையில் பிரம்பைக் கொடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அவன் அதற்குள்ளேதான் இருக்கிறான் என்பதையும், தன் கண்ணியை மட்டும் எப்படி நழுவ விட்டுக்கொள்கிறான் என்பதையும் நான் என் மாமனார் ஊரில் பார்த்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கறம்பக்குடிக்குத் தெற்கே வானம் பார்த்த செம்மண் ஊர். கல்யாணமான கையோடு பக்கத்து ஹைஸ்கூலில் எனக்கு வேலை கிடைத்தது. மாமனார் வீட்டிலேயே தங்கினேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் சொன்னார்கள். அதை என் காதில் விழாமல் சொல்ல வேண்டும் என்கிற மரியாதைகூட எவனுக்கும் இருந்ததில்லை.

மாமனார்தான் ஊருக்குப் பெரிய தலை. அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தைச் சுற்றிலும் சீமைக்கருவை வேலி இருந்தது. நான் அங்கே போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ உறவுக்காரர் வீட்டிலிருந்து விதை வாங்கி வந்து அவரே ஊன்றியது. சுற்று வட்டாரத்தில் அந்த மரம் அப்போது வேறு எங்கும் இல்லை. "கோழிக்குஞ்சு நுழையாது மாப்ளே, தண்ணி ஊத்த வேணாம், ஒரம் வேணாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். சித்திரை பிறந்தால் அதில் மஞ்சள் மஞ்சளாகக் காய் பழுத்து உதிரும். கடித்துப் பார்த்தால் இனிக்கும்.

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கீதாரி கோடைதோறும் ஆட்டு மந்தையோடு எங்கள் ஊருக்கு வருவார். கடலை எடுத்த புஞ்சைக் கொல்லைகளில் இரவெல்லாம் ஆடுகளை மறித்துக் கிடை போடுவார். விழுகிற புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குக் கூலியாகக் கொல்லைக்காரர்கள் அவருக்குத் தானியம் அளப்பார்கள். அவரிடம் ஒரு பெரிய கிடா இருந்தது. கழுத்தில் வெண்கல மணி. அது நடந்தால் மந்தை நடக்கும், நின்றால் நிற்கும். கீதாரி தன் கஞ்சியில் ஒரு கை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். குடும்பம் குட்டி எல்லாம் ஊரில் இருந்தது. அத்தனை வயிற்றுக்கும் அந்த மந்தைதான்.

கோடையில் மேய என்ன இருக்கும். புல் கருகிக் கிடக்கும். மத்தியானத்தில் ஆடுகள் எங்கள் வேலி நிழலுக்கு வந்து ஒதுங்கும். உதிர்ந்த கருவைக் காயை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும். மாமனார் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். கூட்டிப் பெருக்குகிற வேலை மிச்சம் அல்லவா.

வேலி முதன்முறையாகக் காய்த்துக் கொட்டிய அந்த ஆண்டு ஆடியில் கடலை விதைத்து, களையெடுக்கப் பெண்கள் இறங்கினார்கள். கை வைத்த இடமெல்லாம் முள். சீமைக்கருவைக் கன்று. களைக்கொட்டால் வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். பத்து நாள் கழித்துப் போனால் வெட்டிய இடத்தில் மறுபடியும் நிற்கிறது.

"ஒண்ணை வெட்டுனா ரெண்டாத் தழையுது. நாங்க எப்புடிங்க களை எடுக்குறது?" என்று ஒருத்தி ரத்தம் வடிகிற கையைக் காட்டினாள்.

நம் நாட்டுக் கருவேலமும் ஆட்டுப் புழுக்கையில் முளைக்கும். அது ஊருக்கே தெரியும். உழுதால் செத்துப்போகும் என்பதால் அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. இது சாகவில்லை. கிடை போட்ட கொல்லைகளில் மட்டும்தான் இது இருந்தது என்பதையும் ஊர் கண்டுகொண்டது. உடனே ஒரு கதை கிளம்பிற்று. போன கோடையில் மாமனார் தம் கிணற்றில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட விடாமல் கீதாரியை விரட்டியிருந்தார். அந்த வயிற்றெரிச்சலில் கீதாரி முள்ளை விதைத்துவிட்டான் என்பது கதை. அதைக் கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்.

எனக்குக் கோபம் வந்தது. நான் வாத்தியார், கோபம் வந்தால் சோதனை செய்வேன். அடுத்த சித்திரையில் கீதாரி ஒன்றும் அறியாமல் மந்தையோடு வந்ததும், வேலிக்கடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி ஒரு சட்டியில் போட்டு மண் மூடினேன். கிடைப் புழுக்கையை அள்ளி இன்னொரு சட்டியில் போட்டேன். பள்ளிக்கூடத்து ஜன்னலில் வைத்துப் பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். புழுக்கைச் சட்டியில் கருவைக் கன்று திமுதிமுவென்று வந்தது. காய்ச் சட்டி சும்மாவே கிடந்தது. காரணம் எளிது. அந்த விதைக்குத் தோல் கெட்டி. ஆட்டு வயிற்றுக்குள் போய் ஊறித் தேய்ந்து வந்தால்தான் சட்டென்று முளைக்கும். வேலி காய்க்கிறது, ஆடு தின்கிறது, புழுக்கை கொல்லைக்குப் போகிறது, முள் முளைக்கிறது. இதில் எவனுடைய வஞ்சமும் இல்லை. இதைக் காட்டினால் கீதாரி தப்பிப்பார், வேலியும் போகும் என்று நம்பினேன். படித்தவனுக்கு வருகிற நம்பிக்கை அது.

வைகாசியில் ஊர்ப் பொதுத் திடலில் பஞ்சாயத்துக் கூடியது. கீதாரியைத் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லி நிற்க வைத்திருந்தார்கள்.

"நான் எதுக்குங்க வெதைக்கிறேன். நாளைக்கு இங்கிட்டுத்தானே நானும் கிடை போட வாரேன். எங்க ஆட்டுக் காலுல முள்ளு ஏறாதா?" என்றார்.

நான் இரண்டு சட்டிகளையும் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். வேலியில் தொடங்கிக் கொல்லையில் முடித்தேன். விதை ஊன்றியது யார் என்பதையும் சொன்னேன். மாமனார் எழுந்து வந்து குனிந்து சட்டிகளைப் பார்த்தார்.

"இது எங்க வேலிக் காயி. சரிதானே மாப்ளே?"

"ஆமா மாமா."

"மொளைச்சிருக்கா?"

"இல்ல. ஆனா…"

"இது அவன் ஆட்டுப் புழுக்கை. மொளைச்சிருக்கு."

"அந்தப் புழுக்கைக்குள்ள இருக்கிறதே உங்க வேலி விதைதான் மாமா. வேலி இல்லாட்டி…"

"உக்காருங்க மாப்ளே. நல்லாப் படிச்சவுகதான், நல்லாத்தான் சொல்லிட்டீங்க." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்கள்ல. எங்க மரத்துக் காயி பாட்டுக்கு மண்ணுல கிடக்குது, மொளைக்கல. இவன் ஆட்டு வயித்துக்குள்ள போனதுதான் மொளைச்சிருக்கு. வாத்தியாரே சோதனை பண்ணிக் காட்டிட்டாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். பைத்தியக்காரத்தனமாகப் பேசாதீர்கள், ஆட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன். மாமனாரின் கொல்லைகளில் கூலிக்கு நிற்கிறவர்கள்தான் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர். நான் சொன்னது ஒருவருக்கும் புரியாமல் இல்லை. ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தீர்ப்பு ஆயிற்று. மந்தையில் பாதி ஊருக்குத் தண்டம். பெட்டைகள் பஞ்சாயத்தார் வீடுகளுக்கு. கிடாக்கள் ஆனியில் கருப்பர் கோயில் படையலுக்கு. ஆடுகளை மாமனாரே பொறுக்கினார். முதலில் கை வைத்தது மணி கட்டிய கிடாவின் மேல்.

கீதாரி சாஷ்டாங்கமாக விழுந்தார். "அது ஒண்ணை விட்டுருங்கய்யா. அதுக்குப் பதிலா ரெண்டு எடுத்துக்குங்க. அது இல்லாட்டி மந்தை நடக்காதுங்க."

"நடக்காட்டித் தூக்கிக்கிட்டுப் போ" என்றார் மாமனார். அதற்கும் சிரித்தார்கள்.

படையல் வரைக்கும் கிடாக்களை எங்கள் கொல்லைப்புறத்தில், அந்த வேலிக்கு உள்ளேயே கட்டினார்கள். தீனிக்குப் பஞ்சமில்லை. கருவைக் காயை அள்ளிப் போட்டார்கள். கீதாரி மீதி ஆடுகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அத்தனையும் எங்கள் வேலிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. உள்ளே கிடா கழுத்தை ஆட்டும், மணி கேட்கும், வெளியே கத்தல் கூடும். அவர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். ஆடுகள் திரும்பி வந்துவிடும். மாமனார் நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு குட்டிக்குத் தொடை கிழிந்தது.

கீதாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "கிடாவைக் கேக்கலங்க. மணியை மட்டும் அவுத்துக் குடுங்க. சத்தம் கேக்காட்டிப் போயிரும்."

"கிடக்கட்டும். கேக்க நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமனார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

நான் போய்க் கிடாவின் கழுத்திலிருந்து மணியை அறுத்தேன். என் மனைவி வந்து கையைப் பிடித்தாள். "எங்க அப்பாவ ஊருக்கு முன்னால மாட்டிவிட்டது பத்தாதா? இன்னும் என்ன ஒங்களுக்கு?" என்றாள். அவள் கையை உதறிவிட்டு மணியை வேலிக்கு மேலே வீசினேன். கீதாரி அதை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

மணி போயும் ஆடுகள் போகவில்லை. இதற்குள் அவற்றுக்குக் காய்ருசி பிடித்துவிட்டது. வேறெங்கும் பச்சை இல்லை. சுற்றிச் சுற்றி வேலிக்கே வந்தன. நாயும் விடவில்லை. கடைசியில் கீதாரி அலுத்துப்போய்க் கறம்பக்குடிச் சந்தையில் மீதியையும் கறிக்கடைக்காரர்களுக்குத் தள்ளிவிட்டார். அடிமாட்டு விலைதான் கிடைத்திருக்கும்.

படையல் அன்று நான் வேண்டுமென்றே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். இரவு திரும்பியபோது வீடு முழுக்கக் கறி மணம். எனக்கென்று மூடி வைத்திருந்தார்கள். தொடவில்லை. மாமனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நிம்மதி.

கிடாக்கள் கட்டிக் கிடந்த இடத்துப் புழுக்கையைக் கூட்டிக் குவித்து, வண்டியில் ஏற்றி, மாமனார் தம் கிணற்றடிக் கொல்லைக்கே அடித்தார். ஊரிலேயே நல்ல கொல்லை அது. வேறு யாரும் கிடை போட வரவில்லை. ஆனாலும் முள் அங்கே முளைத்தது. அதற்கு முன்பு எந்தக் கொல்லையிலும் அவ்வளவு அடர்த்தியாக முளைத்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே காரணம் சொல்லிவிட்டார். "போற போக்குல செஞ்சுட்டுப் போயிருக்கான் படுபாவி." ஊரும் அதையே சொன்னது. வேலியில் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை.

அடுத்த கோடைக்குள் கன்றுகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. வேரோடு தோண்டினால்தான் போகும். முள்ளுக்குப் பயந்து உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பார்த்தேன், கிணற்றடிக் கொல்லையில் கீதாரி தோண்டிக்கொண்டிருந்தார். ஆடு இல்லாத கீதாரியைக் கூலிக்குக் கூப்பிடுகிற துணிச்சல் மாமனாருக்குத்தான் வரும். வராமல் இருக்கிற வசதி கீதாரிக்கு இல்லை. ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. முள் ஏறிப் பழுத்துப் பாதம் வீங்கிக் கிடந்தது.

கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன். மாமனார் அவருடைய ஆடுகளுக்கு மறுத்த அதே கிணறு. குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்.

"வேலில இருந்து கொல்லை வரைக்கும் அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு நல்லா வெளங்குச்சுங்க சார்" என்றார். "எனக்கு ஒரு சந்தேகம். கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அதுக தின்னது இங்கிட்டு மொளைச்சிருச்சு. அதுகள நீங்கள்லாம் தின்னீங்களே. அது எங்கிட்டு மொளைக்கும்?"

நான் தின்னவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை. வகுப்பில் கை தூக்குகிற பிள்ளையின் முகம்தான் அது, பதிலுக்குக் காத்திருந்தார். நான் வாளியை வாங்கிக் கிணற்றுச் சுவரில் வைத்தேன். அவர் வீங்கின காலை மெதுவாக ஊன்றி எழுந்து, அடுத்த கன்றைத் தோண்டப் போனார்.