காற்று எந்தப் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி நெரிசலில் கார் நின்றதுமே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. ராஜபாளையத்தில் கிளம்பும்போதே, "ரேடியேட்டர் ஃபேன் சத்தம் வேற மாதிரி கேக்குதே" என்றார் கணவர். "நேத்துதான் நானே கழட்டி மாட்டுனேன். உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்திருந்தேன்.

பானெட் இடுக்கில் ஆவி கசிந்தது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டின் அந்தத் தித்திப்பு வாடை என்னை அம்மாவின் மடியில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

எனக்கு ஏழு வயது. மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் இதே கார் கொதித்தது. "ஃபேன் சத்தமே சரியில்லைங்க" என்றாள் அம்மா.

"உனக்கு என்னட்டி தெரியும்? நான் மாட்டுன ஃபேன்!" என்று இறங்கிய அப்பா, ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அவர் கை முழங்கை வரை வெந்துபோனது. அப்பா அலறி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பின்னால் நின்ற லாரிக்காரர் அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். அம்மா பால்கோவா சுற்றியிருந்த தாளை உருவி, ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கு நேராக முன் கிரில்லில் வைத்தாள். உள்ளிழுக்கப்பட்டு ஒட்ட வேண்டிய தாள், பறந்து அவள் முகத்தில் அடித்தது.

"காத்த வெளிய தள்ளுது. ஒயர மாத்தி மாட்டிட்டீய" என்றாள்.

இப்போது தேரடியில், கணவர் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"தொடாதீய!"

நான் கத்தியதில் தெருவே திரும்பியது. பையிலிருந்த ரசீதை எடுத்துக் கிரில்லில் வைத்தேன். அது என் முகத்தில் வந்து அடித்தது.

"சத்தம் எப்படிக் கேக்குதுன்னு சொன்னீய?" என்று அவரிடம் கேட்டேன்.