தனுஷ்கோடியில் அலை இல்லாத இடம்

போனது ஐந்து பேர்: அம்மா, அக்கா, அக்காவின் கணவரான மச்சான், நான், காரை ஓட்டிய சேகர் அண்ணன். அப்பா வரவில்லை. அன்று எங்கள் நிலக்கடலைக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் வெளியூர்ப் பயணம் என்றால் வழி பார்ப்பதும் பலகை வாசிப்பதும் என் பொறுப்பு. கடலில் குளிப்பதைப் பற்றி முதல் நாளே கைபேசியில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது.

ஆனி மாதத்து ஞாயிறு. விடியுமுன் எங்கள் ஊரான கொத்தமங்கலத்திலிருந்து புறப்பட்டோம். தேவகோட்டை, திருவாடானை, ராமநாதபுரம் தாண்டி அரியமான் கடற்கரை. நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும்.

நல்ல கடற்கரை எது என்று யாராவது கேட்டால் நான் அரியமானைத்தான் சொல்வேன். சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு. மணல் மெதுவாகச் சரிகிறது. வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. பாதம் பதியும் மணல் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் விட, சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள். ஒருவருக்கு ஏதாவது என்றால் இன்னொருவர் பார்த்துவிடுவார். அம்மாகூட முழங்கால் நனைய நின்று சிரித்தார்.

மச்சானுக்கு அது போதவில்லை. எங்கள் பெரிய கண்மாயை மடையிலிருந்து எதிர்க்கரை வரை நிற்காமல் நீந்துகிறவர் அவர்.

"இது நம்ம கண்மாய் மாதிரியில்ல கெடக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

ராமேஸ்வரத்தில் சாப்பிட்டோம், சாப்பாடு நூற்றிருபது ரூபாய். பிறகு தனுஷ்கோடிச் சாலை, இருபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் இருப்பது அலை அடங்கிய பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல், இந்த மாதத்தில் ஆண்கடல் மூர்க்கமாக இருக்கும் என்று சேகர் அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். கார் நின்றது ஆண்கடல் ஓரம். குளிக்கக் கூடாது என்ற பலகையை நான் உரக்க வாசித்தேன்.

"படிச்சவுகளுக்குத் தண்ணியக் கண்டாலே காய்ச்சல் வந்துருது" என்றார் மச்சான்.

கண்மாயில் குளிக்கிறவர்கள் தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடமாகப் பார்த்துத்தான் இறங்குவார்கள். மச்சானும் அப்படித்தான் பார்த்தார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் ஒரு பட்டை அலையே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பப் போகும் வழி அது என்று படித்திருந்தேன்.

"மச்சான், அதுல எறங்காதீக. அது இழுக்குற தண்ணி."

அதற்குள் அவருடைய வேட்டி மணலில் கிடந்தது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் நீந்தினார். பிறகு தலை சின்னதாகத் தெரிந்தது. திரும்பி எங்களைப் பார்த்து நேராக நீந்தினார். கை விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆள் மட்டும் தூரத் தூரப் போனார். அக்காவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். அவள் தண்ணீருக்குள் ஓடினாள். அம்மா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நேராக நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும், அதன் பிறகு அலையே தள்ளிக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கத்திப் பார்த்தேன், காற்று குரலைத் தின்றுவிட்டது. காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து போய்விடுவார் என்றும் படித்திருந்ததால் கால் தண்ணீரில் இறங்கவில்லை. குளிக்கக் கொண்டுவந்திருந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு கரையோரமாக மேற்கே ஓடினேன். நின்று, அவரைப் பார்த்துத் துண்டை மேற்கே வீசினேன். மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தபோது அவர் தலை நான் இருந்த பக்கம் நகர்ந்திருந்தது.

பட்டையைத் தாண்டியதும் ஓர் அலை அவரைத் தூக்கி எறிந்தது. சேகர் அண்ணன் காரில் இருந்த காலித் தண்ணீர் கேனை மூடி வீசினார். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மச்சான் மணலில் வந்து புரண்டார். உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய விட்டுட்டு ஓடுறேன்னு நெனச்சேன் மாப்ளே. ஒன்னயத் திட்டி வஞ்சுக்கிட்டேதான் அங்குட்டு வந்தேன்."

அம்மா அந்தச் சிவப்புத் துண்டால் அவர் தலையைத் துவட்டினார்.

நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று ராமேஸ்வரத்தில் ஒரு மருத்துவமனையில் பொழுது சாயும் வரை படுக்க வைத்திருந்தார்கள். அக்கா அவர் மணிக்கட்டை விடவே இல்லை. "இனிமே வீட்டுல வாளித் தண்ணிதான் ஒங்களுக்கு" என்றாள். அவர் தலையாட்டினார்.

பாம்பன் பாலத்தில் மற்றவர்கள் வண்டிகளை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்மாயில் எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு கரை வரும். கடலுக்கு இருப்பது ஒரே கரை. போகிறவர்கள் ஆட்கள் குளிக்கும் இடமாகப் பார்த்துக் குளியுங்கள். பலகை இருந்தால் காலை நனைக்காதீர்கள். அமைதியாகக் கிடக்கும் தண்ணீரை நம்பாதீர்கள்.

கார் வாடகை, டீசல், சாப்பாடு, மருத்துவமனை எல்லாம் சேர்த்து, போன ஐந்து பேரும் ஐந்து பேராகவே வீடு திரும்ப ஆன செலவு எட்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.