படுகைக்குள் இரண்டு சைக்கிள்கள்

இல்-பிசார் தீவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் காலை வணக்கமே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் ‘போன்ஜூர்’ என்று கையைத் தூக்குகிற ஆற்றோர வீட்டுப் பெரியவர், பனி உருகத் தொடங்கியதும் ஆற்றுப் பக்கம் மோவாயை நீட்டி ‘ஸா மோன்ட்’ என்கிறார். ஏறுகிறது என்று அர்த்தம். நாமும் ஆற்றைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் மான்ட்ரியல் வந்த புதிதில் எல்லாரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். குளிர் போகும்போது எது வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் இருப்பது அதே ஆற்றின் கீழ்ப்புறம், அஹுன்ட்சிக்கில். எங்கள் பக்கம் கரை உயரம், பயமில்லை. இல்-பிசாரில் ஆற்றை ஒட்டி வீடு வைத்திருப்பவர் மங்கை அக்கா.

அவரைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். இந்த ஊரில் வெகுகாலம் சொந்தமாக மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், இரண்டு மகன்களும் டொராண்டோவில். ஆற்றோர சைக்கிள் பாதையில் நான் நின்றுகொண்டு சென்னையிலிருக்கும் என் தங்கையோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பிரேக் போட்டு நிறுத்தி, “நீர் இந்தியாவோ? நல்லாப் பேசுறீர்” என்றார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது என்பது எனக்கு அப்போது தெரியாது. பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அன்றிலிருந்து வாரக் கடைசிகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம்.

இந்த ஏப்ரலில் அவர் வீட்டின் பேஸ்மென்டில் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நகராட்சிக்காரர்கள் தெருமுனையில் மணல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்கள். முடிந்தவர்கள் இப்போதே வேறு இடம் போய்விடுவது நல்லது என்று வீடு வீடாகச் சொன்னார்கள். மங்கை அக்கா வாசலில் நின்றபடியே “மெர்சி” என்று நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார். மகன்கள் போனில் கத்தினார்கள். நான் கத்தவில்லை. அவர் ஏன் நகர மறுக்கிறார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். போன அக்டோபரில் நான் கூட இருந்தேன்.

இத்தாலியில் போ என்று ஓர் ஆறு. நாட்டின் வடக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டையான சமவெளியில் ஓடுகிறது. அதன் கரைமேலேயே நாள்கணக்கில் சைக்கிளில் போகலாம் என்று மங்கை அக்கா கண்டுபிடித்தார். “யாழ்ப்பாணத்திலை ஓடிப் பழகின கால். மலை ஏறாது. ஏத்த இறக்கம் இல்லாத இடமாப் பாப்பம்” என்றார். என் கணவருக்கு சைக்கிள் என்றாலே முதுகுவலி. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். முதல் சில நாட்கள் நான் வாழ்க்கையில் அனுபவித்த மிக நல்ல நாட்கள். உயரமான மண்கரை, அதன்மேல் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் அறுத்து முடிந்த சோள வயல்கள், செங்கல் வீடுகள், தேவாலயக் கோபுரம். மறுபக்கம், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே அகலமான படுகை. கொள்ளிடக் கரையில் பார்த்திருப்பீர்களே, ஆறு தனக்கென்று ஒதுக்கி வைத்து, இல்லாத நாளில் மனிதருக்கு விட்டுக்கொடுக்கிற நிலம், அதேதான். அங்கே பாப்ளர் மரங்களை அளந்து வைத்த மாதிரி வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். அவசரமில்லாமல் ஓட்டினோம். பசித்த இடத்தில் நின்றோம்.

வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆற்றின் நிறம் ஒருநாள் காலையில் மாறியிருந்தது. பால் கலக்காத கோகோ மாதிரி. முழு மரங்கள் வேரோடு மிதந்து போயின. மேற்கே மலையில் மழை போல என்று பேசிக்கொண்டோம், யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி. அன்று மாலை நாங்கள் தங்கிய பண்ணை வீடு படுகைக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்காரம்மாவும் அவர் தம்பியும் கீழ்த்தளத்து நாற்காலிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். சாப்பாடு வைக்கும்போது அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “தொமானி, பியேனா” என்றார். விரலை வாசல் பக்கம் காட்டி மறுபடியும் “பியேனா” என்றார். மங்கை அக்காவுக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. “தொமானி எண்டா துமேன், நாளைக்கு. பியேனா எண்டா ப்ளென், நிறைஞ்சிட்டுது. நாளைக்கு அறையெல்லாத்துக்கும் ஆக்கள் வருகினமாம். எங்களைக் காலமை வெளிக்கிடச் சொல்லுறா” என்று மொழிபெயர்த்தார். நாங்கள் சிரித்து, தலையாட்டி, பையைக் காட்டி, கிளம்பிவிடுவோம் என்று சைகை செய்தோம். அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இரண்டு பக்கமும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். நிறைவதற்கு ஆறு என்றும் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, கரைமேல் ஏறாமல், நிழலாக இருக்கட்டும் என்று படுகைக்குள் போகும் மண்பாதையிலேயே ஓட்டினோம். பறவைச் சத்தமே இல்லை. எதிரே ஒரு டிராக்டர் பெட்டி நிறையக் கன்றுக்குட்டிகளோடு வந்தது. ஓட்டியவர் தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி. போ சமவெளியின் மாட்டுப்பண்ணைகளில் பஞ்சாபிகள் நிறைய வேலை செய்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திக் குதித்து ஓடிவந்தார். ஹிந்தியில் பொழிந்தார்.

“என்னவாம்? உங்கட நாட்டு ஆள்தானே?” என்றார் மங்கை அக்கா.

“எனக்கு ஹிந்தி தெரியாதுக்கா.”

“ஒரு சொல்லும் தெரியாதோ?”

ஒரு சொல் தெரிந்தது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ‘பானி’. பானிபூரி விற்காத தெரு சென்னையில் இப்போது இல்லை, அந்த அளவில் எனக்கும் தெரியும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்கிறார் என்று என் பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டினேன். நிறைய இருக்கிறது, நன்றி. அவர் “நஹி, நஹி” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார்.

ஆளில்லாத தோப்பு, இரண்டு பெண்கள், வண்டியைப் பிடித்து இழுக்கிற ஒரு முரட்டு மனிதர். நான் கத்தினேன். மங்கை அக்கா தமிழில் என்னவோ சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டார். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் மிதித்தோம், இன்னும் உள்ளே, ஆற்றை நோக்கி.

தண்ணீர் பாய்ந்து வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அது அப்படி வரவில்லை. மரவரிசைகளுக்கு நடுவே தரை மினுங்கத் தொடங்கியது, அவ்வளவுதான். உழவுச் சால்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோடுகளாயின. இலைகள் எங்களுக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்ந்து போயின. காற்று என்று நினைத்தேன், காற்று இல்லை. திரும்பினால் வந்த பாதையும் மினுங்கியது. சத்தம் என்று ஒன்று இருந்திருந்தால் நான் குறைவாகப் பயந்திருப்பேன். மங்கை அக்கா சைக்கிளில் ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். கூப்பிட்டேன். அசையவில்லை. கணுக்கால் வரை ஏறிவிட்டது. அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. எங்களைத் தேடி அந்த மனிதர் திரும்பி வந்திருந்தார்.

அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னையும் என் சைக்கிளையும் கன்றுகளுக்கு நடுவே ஏற்றினார். மங்கை அக்கா ஏறமாட்டேன் என்றார். “நான் என்ர சைக்கிளிலை வாறன்” என்று அழுத்தமாக, மிக மரியாதையாக, தமிழில் அவரிடம் சொன்னார். அவர் அக்காவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். அக்காவின் சைக்கிள் அங்கேயே நின்றது. கரைமேல் ஏறும்வரை அக்கா ஒரு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இப்பிடித்தான் வசந்தி, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்கையும். டிராக்டர்ப் பெட்டி. மழை. எங்கட அப்பாவும் ஏறமாட்டன் எண்டுதான் நிண்டவர்.” அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். சர்தார்ஜியின் பெயர் பல்விந்தர். அவர் மனைவி எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார், நாங்கள் மூவரும் சைகையிலேயே பேசிக்கொண்டோம். மங்கை அக்கா படுக்கவே இல்லை. செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “போதும். வீட்டை போனா பேந்து ஒருத்தற்ற சொல்லுக்கும் நான் எழும்பி வரமாட்டன்” என்றார். களைப்பில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

களைப்பு இல்லை என்பது இந்த ஏப்ரலில் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் சமையலறை ஜன்னலில் நின்று இருவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தாழ்வாகத்தான் இருந்தது. தாங்கிவிடும் என்று அவர் சொன்னார். தற்செயலாகத் திரும்பியபோது வாசல் பக்கம் தெருவே இல்லை. சாக்கடை வாய்கள் வழியாக ஆறு எங்களுக்குப் பின்னால் வந்திருந்தது. என் காரின் சக்கரங்கள் பாதி மூழ்கியிருந்தன. இடுப்பு வரை ரப்பர் உடை போட்ட ஒரு தீயணைப்புக்காரர் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு உடனே வெளியே வரச் சொன்னார்.

“நீர் போம்” என்றார் மங்கை அக்கா.

“நீங்க வந்தாத்தான் நான் போவேன்.”

“உமக்கு விசரோ? உமக்குப் புருஷன் இருக்கிறார்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீரமெல்லாம் இல்லை. அவரைத் தூக்கிப் படகில் வைக்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் வாசலிலிருந்து ‘மதாம், மதாம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேஸ்மென்டில் பம்ப் தண்ணீரில் மூழ்கித் திடீரென்று நின்றது. மங்கை அக்கா வெகுநேரம் என்னையே பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டினார்.

மின்சாரத்தை அவர் அணைக்கவில்லை. மாறாக அறை அறையாகப் போய் எல்லா விளக்குகளையும் போட்டார். கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. நான் சாவியைக் கேட்டேன்.

“பூட்டினா விட்டிட்டுப் போறன் எண்டு அர்த்தம். லைட் எரிஞ்சா ஆள் இருக்கெண்டு அர்த்தம்” என்றார்.

படகு எங்களை மேட்டில் இறக்கியது. அங்கிருந்து, தீவை ஊரோடு சேர்க்கிற பாலத்துக்கு நடந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் போல நிறையப் பேர், நாய்களோடும் பெட்டிகளோடும் ஒருவரும் பேசாமல் நடந்தார்கள். பாலத்தின் நடுவில் மங்கை அக்கா நின்று திரும்பினார். தண்ணீருக்கு மேல், இருண்ட வீடுகளுக்கு நடுவே, அவர் வீடு ஒன்று மட்டும் விருந்துக்கு ஆள் வந்த வீடு போல எல்லா ஜன்னலிலும் வெளிச்சமாக நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கரை முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். தெருவிளக்குகள் போயின, வீடும் போயிற்று. எந்த இடத்தில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த போலீஸ்காரர் “அவான்ஸே, அவான்ஸே” என்று முன்னால் நகரச் சொல்லிக் கையை வீசினார். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. மங்கை அக்கா என் கையை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து நின்றார். நான் இரண்டடி முன்னால் அஹுன்ட்சிக் பக்கம் திரும்பி நின்று, அவரைக் கூப்பிடாமல் காத்திருந்தேன். எங்கள் காலுக்குக் கீழே ஆறு ஏறிக்கொண்டிருந்தது.