நனையாத பூட்ஸ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நேற்று சாயங்காலம் நடந்தது இது. இன்னும் காலில் முள் இருக்கிறது.

கொலராடோ ஆறு மெக்சிகோவில் கடலைத் தொடாமலே சாகிற இடம் எங்கள் ஊர். எங்கள் குகபா பழங்குடி ஜனத்தில் ஒருவர் இறந்தால் அவர் பொருள் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும். சட்டை, படுக்கை, வலை... ஒன்று மிஞ்சினாலும் செத்தவர் அதைத் தேடி வந்துவிடுவார். பெயரையும் சொல்லக்கூடாது. அதனால் அப்பா என்று மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவின் ரப்பர் பூட்ஸை நான் எரிக்க விடவில்லை. ஆற்றுக்கு மேலே இருக்கிற அமெரிக்காக்காரர்கள் எங்கள் ஆற்றை அணை போட்டு உறிஞ்சிவிட்டு எங்களை மணலில் உட்கார வைத்தார்கள். இப்போது பெரிய மனசு பண்ணி, கொஞ்சம் தண்ணீர் விடுகிறோம் என்றார்கள். அந்தத் தண்ணீரில் இறங்கத்தான் அப்பா பூட்ஸ் வாங்கினார். தண்ணீர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் செத்துப்போனார். ஒரு சொட்டு ஈரம் படாத பூட்ஸ்! எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படித்தவள் நான். மூடப் பழக்கம் என்று கத்தினேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மா, கோணிய வாயால் "வேண்டாம்டி..." என்றாள். நான் கேட்கவில்லை.

நேற்றுதான் அதை முதன்முதலாகப் போட்டேன். ஆற்றோரம் நட்ட வில்லோ மரக் கன்றுகள் பிழைத்தனவா என்று பார்க்க, நானும் பெரியப்பா மகள் எர்மினியாவும் நடந்தோம்.

"யார் பூட்ஸ்டி அது?"

"என்னுதுதான்க்கா."

"அதுக்குள்ள உன் காலோட இன்னொரு காலும் போகும். படிச்சவ, பொய்யையாவது ஒழுங்கா சொல்லுடி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தவளைகள் காதைக் கிழித்தன. ஆறு வற்றிய பிறகு பிறந்தவள் நான். தவளைச் சத்தத்தையே இந்த வருஷம்தான் கேட்கிறேன்.

சட்டென்று நின்றது. எல்லாத் தவளையும். ஒரே நேரத்தில்.

ப்ளச்... ப்ளச்...

பின்னால். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது.

"மாடா இருக்கும்க்கா."

"மாட்டுக்கு நாலு காலுடி. நல்லாக் கேளு."

திரும்பினேன். யாருமில்லை. ஈர மண்ணில் என் பூட்ஸ் தடம். அதை ஒட்டியே ஒரு வெறுங்கால் தடம். பெரிய ஆம்பளைக் கால்.

இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அப்பாவின் சுண்டுவிரலைப் படகு மோட்டார் வெட்டியிருந்தது.

"கழட்டுடி..." எர்மினியா பையைத் துழாவினாள். "லைட்டர் இருக்கு, இங்கயே எரிச்சிடலாம்... கழட்டு!"

இழுத்தேன். வரவில்லை. தொளதொளவென்று இருந்த பூட்ஸ் இறுகியது. உள்ளே, என் காலோடு ஒட்டி...

இன்னொரு கால்.

ஐஸ் மாதிரி.

விரல்கள் அசைந்தன.

நாலு விரல்.

அலறிக்கொண்டு உதறினேன். எப்படிக் கழன்றதோ தெரியாது. கருவேல முள்ளில் வெறுங்காலோடு ஓடினேன். பின்னால் ரப்பர் சத்தம். டப்... டப்... எங்கள் பக்கம் வரவில்லை. தண்ணீர்ப் பக்கம் போனது.

போய்விட்டார் என்று நினைத்தேன். ஆற்றை ஆசை தீரப் பார்க்கட்டும் என்று அழுதேன்கூட.

இன்று விடிந்ததும் பூட்ஸை எரிக்கப் போனோம். பூட்ஸ் இல்லை. தடம் மட்டும் ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி ஏறியிருந்தது.

எங்கள் வீட்டை நோக்கி.

ஓடி வந்து அம்மாவின் போர்வையை விலக்கினேன். இரண்டு வருஷமாகத் தரையில் படாத கால். கணுக்கால் வரை ஆற்றுச் சேறு.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் கோணவில்லை.

"ஆத்துல எவ்ளோ தண்ணிடி! உங்கப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. இன்னிக்கும் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

வெயில் இறங்கிவிட்டது. எரிப்பதற்கு என்னிடம் பூட்ஸ் இல்லை. எர்மினியா கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா தலை வாரிக்கொள்ளச் சீப்பு கேட்கிறாள்.

தவளைகள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன...