மச்சானின் படகுக்கு நான் இழுத்த கம்பி

அந்த விளக்கை அணைத்தவன் நான்.

மாணிக்கம் மச்சான் அணைக்கவில்லை. காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுக்க அவர் இருளில் பதுங்கி வரவும் இல்லை. நான் இழுத்த கம்பி அறுந்தது, விளக்கு அணைந்தது, காவல் படகிலிருந்து சுட்டார்கள். இத்தனை காலமும் இதை ஒருவரிடமும் சொல்லாத கோழை நான். உங்களிடம் சொல்லத் துணிவது கூட, உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால்தான்...

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது; காட்டுக்குள்ளிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு, நாங்கள் சொல்லும் காட்டுக்காரர்களுக்கு, சோறு கொடுத்தாலே குற்றம். லூபோக் சீனாவுக்கு அருகில் எங்கள் ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்வேலி, வேலி நெடுகிலும் மின்விளக்குகள். அவற்றுக்குக் கம்பி இழுத்தவன் நான். எந்த மழைக்கும் என் விளக்குகள் அணைந்ததில்லை. துரையே ஒருமுறை தோளில் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு என் தலைக்கனத்தைக் கேட்கவா வேண்டும்!

மாணிக்கம் என் அக்கா அஞ்சலையின் கணவர். மலாக்காவிலிருந்து கடலோரமாக வந்து, லிங்கி ஆற்றில் ஏறி, லூபோக் சீனாக் கடைகளுக்குச் சாமான் கொண்டுவரும் மோட்டார் படகு அவருடையது. பொழுது சாய்ந்தால் படகின் முன்னே விளக்கு எரிய வேண்டும். விளக்கில்லாமல் வரும் படகைச் சுடலாம் என்பது அந்த ஆற்றில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மண்ணெண்ணெய் விளக்கைக் காற்று அடிக்கடி அணைத்துவிடவே, அவர் என்னிடம் வந்தார்.

"மச்சான், பேட்டரியில எரியிற மாதிரி ஒரு லைட்டு போட்டுக் குடு லா. நம்ம வேலி லைட்டு மாதிரி நிக்கணும்."

கம்பி வாங்க இருவரும் மலாக்கா டவுனுக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒரு சுருளை எடுத்து வைத்தார். தடித்த ரப்பர் உறை, உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்பு இழைகள் பல, ஒவ்வொன்றும் ஈயம் பூசியது. நான் சிரித்தேன். இந்தப் பொடி இழைகளா கடலைத் தாங்கும்? வேலிக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பியைக் காட்டி, அதைக் கேட்டேன்.

"அது வீட்டுக்கு லா. போட்டுல இஞ்சின் ஆட்டும், உடைஞ்சி போகும்" என்றார் தவுக்கே, தமக்குத் தெரிந்த தமிழில்.

மச்சான் என்னைப் பார்த்தார். "என் வேலையில ஒரு லைட்டாவது செத்திருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை நம்பினார். ஐயோ, எவ்வளவு எளிதாக நம்பினார்!

அதோடு விட்டேனா? கம்பியின் இணைப்புகளில் உப்புத் தண்ணீர் ஏறக்கூடாது என்று, தோட்டத்து ஸ்டோரிலிருந்து மரத்துப்பால் கொண்டுவந்து கனமாகப் பூசினேன். கம்பியைக் காப்பதும் ரப்பர்தானே, அது நம்மிடமே வாளி வாளியாக இருக்கிறதே என்று என் புத்தி கணக்குப் போட்டது. பால் உறையாமலிருக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுவார்கள். அந்த அமோனியா செம்பைத் தின்னும் என்பதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. பால் காய்ந்து பொன்னிறமாகப் படிந்தது. அழகாகத்தான் இருந்தது.

சில வாரங்கள் விளக்கு நன்றாகவே எரிந்தது. பிறகு ஒரு மாலை, ஆற்று வளைவில் அணைந்தது. இஞ்சின் இரைச்சலில் காவல் படகுக்காரர்கள் கத்தியது மச்சானுக்குக் கேட்டிருக்காது. படகில் கடைகளுக்கான அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றுக்கு அனுமதிச் சீட்டும் இருந்தது. ஆனால் விளக்கில்லாத படகிலிருந்து எடுத்த சீட்டை யார் மதிப்பார்கள்? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை மச்சானைச் சுட்டது!

விளக்கைப் பரிசோதிக்க என்னையே அழைத்தார்கள். தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர் கரையில் நின்றார். நான் படகின் முனையில் குனிந்து, காய்ந்த பாலை உரித்தேன். உள்ளே பச்சைப் பொடி. கம்பி இரண்டாக முறிந்திருந்தது.

பொடியைத் துடைத்தேன். முறிந்த முனைகளைச் சேர்த்து முறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். எரிந்தது.

"லைட்டு நல்லாத்தானே இருக்கு? அப்போ அவனேதான் ஆஃப் பண்ணியிருக்கான்" என்றார் கான்ஸ்டபிள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளும் காலம், பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதி உண்மை. என் கம்பி அறுந்தது என்று தோட்டம் பேசுமே என்ற வெட்கமும் இருந்தது. ஒரு மனிதனின் மானத்தைவிடவா அது பெரிது?

காட்டுக்காரனுக்குச் சோறு போட்டவன் பெண்டாட்டி என்று லயத்தில் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் வந்தால் மற்ற பெண்கள் விலகினார்கள். அவள் அசையவில்லை. "எங்க வீட்டுக்காரரு அப்படிச் செய்யிற ஆளு இல்ல" என்று எல்லாரிடமும் சண்டைக்கு நின்றாள். மச்சானின் படத்துக்குத் தினமும் பூ வைத்தாள்.

முதல் திதிக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நீ போட்ட வயரு நல்ல வயருதானே? தானா அணையாதுல்ல?"

எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது! அவள் கண்கள் என்னைக் கெஞ்சின. கெட்ட வயர் என்று நான் சொல்ல வேண்டும் என்றே அவை கெஞ்சின. இன்று புரிகிறது. அன்றும் புரிந்தது...

"நல்ல வயருதான்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் திதி கொடுக்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு யாரோடும் சண்டை போடவில்லை. ரெம்பியாவில் குடியேறித் தையல் வேலையில் பிழைத்தாள்.

அக்கா இன்னும் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கப் போகிறேன். சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். சென்ற வாரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். "அந்த மனுசன் என்னை ஏமாத்திட்டாரு, நீ ஒருத்தன்தான் எனக்கு உண்மையா இருந்த" என்று சொல்லி, இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

நான் சாப்பிட்டேன்.