நடேசன் மாமா நேராகச் சொன்ன பதில்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுகிறவர் நடேசன் மாமா. சொந்த மாமா இல்லை. என் அம்மா ஜோஸ்பின் அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு மாமா. வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். நூற்று நாற்பது வீடு. காலையில் ஆறு மணிக்கு ஒரு முறை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். மோட்டார் போட்டு டேங்கை நிரப்புவது, தெருமுனைப் பள்ளத்துக்குள் இருக்கும் வால்வைத் திறப்பது, மூடுவது எல்லாம் அவர் வேலை. அதற்காக ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று வைத்திருக்கிறார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தால் எதற்கு வருகிறார் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கேட்பார்கள்.

“இன்னா மாமா, வால்வு தொறக்கவா?”

“இல்லடா, பல்லுல கறி மாட்டிக்கிச்சு. குத்தி எடுக்கலாம்னு வந்தேன்.”

டீக்கடையில் கிளாசும் கையுமாக நிற்பார். “இன்னா நடேசா, டீயா?” என்பார்கள். “இல்லப்பா, ஏரித் தண்ணி. டெஸ்ட் பண்றேன்” என்பார். மழையில் சொட்டச் சொட்ட வருவார். “நனைஞ்சிட்டியா?” என்று ஒரு குரல் வரும். “இல்ல, என்னத் தொவைக்கப் போட்டாங்க. அலசறதுக்கு முன்னாடி எழுந்து வந்துட்டேன்.”

இவையெல்லாம் சில்லறைக் கேள்விகள். அவரை ஆட்டிப்படைத்த கேள்வி ஒன்றுதான்: தண்ணி எப்ப வரும்?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் இந்த வேலைக்கு வந்தார். முதல் வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாராம். ஆறு மணிக்கு வரும் என்பார். ஏன் ஆறு, நேத்து அஞ்சே முக்காலுக்கே வந்துச்சே என்பார்கள். நேத்து கரன்ட் நல்லா இருந்துச்சு என்பார். அப்ப இன்னிக்கி கரன்ட் இல்லியா என்பார்கள். தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் தொண்டை கட்டிவிடும். ஒரு நாள் ரொம்பச் சலித்துப்போய், “தண்ணி கெளம்பிடுச்சு. வில்லியனூர்ல ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க, அங்க நிக்குது” என்று சொல்லிவிட்டார். கேட்டவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த கேள்வி வரவில்லை. அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் இந்தப் பழக்கத்தை. எல்லோரும் அவரைத் தமாஷ் ஆள் என்பார்கள். நான் பார்த்தவரை அவர் முகம் சிரித்ததில்லை. மூச்சை மிச்சம் பிடிக்கிற ஆள் மாதிரிதான் பதில் சொல்வார்.

நாளாக ஆக எங்கள் தெரு இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. அவர் கேலியாகச் சொன்னால் தண்ணீர் நிச்சயம் வரும். மோட்டார் எரிந்த வருஷம், புயலில் கம்பம் சாய்ந்த வாரம், இப்படிப்பட்ட நாள்களில்தான் அவர் நேராகப் பதில் சொல்வார். ரயில்வே கேட் என்றால் குடத்தைக் கழுவலாம். நேராகப் பேசினால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. ஐந்தரை மணிக்கு அவர் கம்பியோடு வந்தார். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி எப்பண்ணே?”

“ஆறு மணிக்கு வரும்மா.”

அவ்வளவுதான் சொன்னார். நடந்து போய்விட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மனைவி தனக்கொடி அத்தைக்குக் கழுத்தில் ஒரு கட்டி. முந்தின வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமை சொல்வார்களாம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நூற்று நாற்பது வீடும் கேட்கும்.

அம்மா வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். “உஷா, மோட்டார் போயிடுச்சுடி. அண்ணன் நேரா பேசறாரு.”

உஷாராணி அக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் தெருவே குடங்களைத் தூக்கிக்கொண்டு டோமினிக் என்பவர் வயலில் இருக்கும் போர்வெல்லுக்குப் போய்விட்டது. அரை கிலோமீட்டர். வரப்பில் வரிசை. அங்கே எங்களில் பாதிப் பேருக்குக்கூட முறை வந்திருக்காது, சரியாக ஆறு மணிக்குத் தெருவில் தண்ணீர் வந்தது. அழுத்தமாகவே வந்தது. பிடிக்க ஆளில்லாமல் மூடாத குழாய்களெல்லாம் கொட்டி, தெரு நனைந்து, கோயில் வாசல் வரை ஓடியது. நாங்கள் தலையில் குடத்தோடு திரும்பி வந்தபோது எங்கள் காலையே நனைத்தது.

உஷாராணி அக்கா அவரை வால்வுப் பள்ளத்திலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னாண்ணே, இப்டி பண்ணிட்ட?”

“நான் இன்னா பண்ணேன்? ஆறு மணின்னேன். ஆறு மணிக்கு வந்துச்சு.”

“அதாண்ணே கேக்கறேன். நீ ஒழுங்கா சொன்னா எங்களுக்கு எப்டி தெரியும்?”

அவர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் பள்ளத்தின் மேல் பலகையை இழுத்து மூடினார். அம்மாதான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அண்ணி எங்கண்ணே? வெள்ளிக்கெழமையிலேர்ந்து ஆளக் காணோம்.”

அப்போது சொன்னார். கட்டி, ஊசி, திங்கட்கிழமை. மூன்றே வாக்கியம். மூன்றும் நேர் வாக்கியம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பியோடு வருவார். தெரு மௌனமாக ஒதுங்கும். டீக்கடையில் கிளாசை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். குழந்தைகளைக்கூட அடக்கி வைத்தார்கள். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தோம். புதன்கிழமை வாக்கில் அவர் எங்கள் வாசலில் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கோலத்துக்குப் புள்ளி வைத்தார். அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தனக்கொடி அத்தைதான் பிறகு சொன்னார்.

எட்டு மணிக்கே போய் நின்றிருக்கிறார்கள். ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் ஒரு ஆள். அவருக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரே கேள்வி. மாமாவின் முறை வந்தது.

“ரிசல்ட்டு எப்ப சார் வரும்?”

ஜன்னல் ஆள் நிமிரவே இல்லை. “அடுப்புல இருக்குது. வெந்ததும் எறக்கிடறோம்.”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்த ஆளு உனக்குக் கூடப்பொறந்தவனா? அதே வாயி” என்றாராம் அத்தை.

மாமா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். “மூஞ்சப் பாரு, அவனுக்கு டீ குடிக்கக்கூட நேரம் இல்ல” என்று மட்டும் சொன்னாராம்.

பத்து மணிக்கு மறுபடி போய்க் கேட்டார். “பஸ்ஸ விட்டுட்டு நடந்து வருதாம்” என்று பதில் வந்தது. பதினொன்றரைக்கு மூன்றாம் முறை. இந்தத் தடவை அந்த ஆள் சீட்டை வாங்கிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து மெதுவாக, “வந்துடுச்சுங்க. டாக்டர் கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் உக்காருங்க” என்றார்.

அதைக் கேட்டதும் மாமாவின் கை கம்பியைத் தேடியதாம். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அத்தை எழுந்து வந்து கையைப் பிடித்தபோது அவர் சொன்னது, “தனம், அவன் நேரா பேசறான்.”

உள்ளே போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை, மாத்திரை சாப்பிட வேண்டும், ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார். மாமா மூன்று முறை கேட்டார். டாக்டர் மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து அத்தையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவரும் உட்கார்ந்து, அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லையாம். சந்தோஷமா என்று கேட்டேன். “சந்தோஷமா? அது இன்னா எடம்னு தெரியாம ரெண்டு பேரும் ஒக்காந்துனு இருந்தோம்” என்றார் அத்தை.

பஸ் பிடித்து ஊர் வந்து சேர மணி நாலைத் தாண்டிவிட்டது. சாயங்காலத் தண்ணீருக்கு நேரம். அத்தை கடையில் பால் வாங்க நின்றார். மாமா வீட்டுக்குப் போய்க் கம்பியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். தெருக்குழாயடியில் எங்கள் அம்மா, உஷாராணி அக்கா, இன்னும் பத்துப் பேர் குடத்தோடு நின்றார்கள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தார்.

“இன்னாண்ணே சொன்னாங்க?”

மாமா நின்றார். களைப்பில் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

“ஒண்ணும் இல்லன்னுட்டாங்கம்மா. சாதாரணக் கட்டிதானாம்.”

அம்மா குடத்தைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். உஷாராணி அக்கா குழாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ அண்ணி” என்றார். மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

“ஏய், ஒண்ணும் இல்லன்னுதானே சொல்றேன்?”

“மறைக்காதண்ணே. எங்க கிட்ட இன்னா மறைப்பு?”

“சத்தியமா ஒண்ணும் இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்னாங்க.”

அழுகை கூடியது. அந்த நேரம் பார்த்துத் தனக்கொடி அத்தை பால் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தார்.

“இன்னாடி இது, யாரு செத்தது?”

“அண்ணி!” என்று அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“வுடுடி. என்ன உசுரோட வெச்சிக்கினே ஒப்பாரி வெக்கிறீங்களா? நல்லா இருக்கேன்னு டாக்டரே சொல்லியாச்சு.”

“எங்களுக்காகச் சொல்லாத அண்ணி.”

அத்தை புருஷனைத் திரும்பிப் பார்த்தார். “யோவ், வழக்கம்போல எதனா சொல்லித் தொலையேன். இதுங்க நம்பாதுங்க.”

மாமா கம்பியைத் தரையில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“டாக்டரு இன்னா சொன்னாங்கன்னா,” என்று மெதுவாக ஆரம்பித்தார். “கழுத்துல ஒண்ணும் இல்லியாம். அதுக்கு மேல இருக்குது பாரு வாயி, அதுக்குத்தான் மருந்தே கெடையாதாம். இன்னும் முப்பது வருசத்துக்குக் கொறையாதாம். மாத்திரகூட எனக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க.”

பெரிய தமாஷ் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதிலேயே சுமாரானது அதுதான். ஆனால் உஷாராணி அக்கா தூணை விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணே உனக்கு?” என்று அவரையே திட்டினார்.

“சொன்னேனேம்மா.”

“எங்க சொன்ன?”

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வால்வுப் பள்ளத்தைப் பார்த்து நடந்தார். வழக்கத்தைவிட மெதுவான நடை. பத்தடி போயிருப்பார்.

“தண்ணி எப்பண்ணே?” என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

அவர் திரும்பவில்லை. “ரயில்வே கேட்டு இன்னும் தொறக்கலம்மா.”

அம்மா குனிந்து, விழுந்து கிடந்த குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தார்.